பெய்ஜிங்கின் கோபத்துக்கு ஆளாவது எப்படி?

புதிதாகப் பொறுப்பேற்கும் வெளியுறவு அமைச்சர்களுக்கு ஒரு செயல்முறைக் கையேடு

வாழ்த்துகள், அமைச்சரே. உங்கள் நாடு சிறியது, மிஞ்சிப்போனால் நடுத்தரம். உங்களிடம் விற்பதற்கு மீனோ பழமோ ஒயினோ ஏதோ ஒன்று இருக்கிறது. அதை ஆசையாக வாங்குகிற பெரிய கை சீனா. நேற்றுவரை எல்லாம் சுமுகம். இன்று நீங்கள் வாய் திறந்தே ஆக வேண்டும் என்கிற நிலை வந்துவிட்டது. திறங்கள். ஆனால் பின்னால் என்னவெல்லாம் நடக்கும் என்று தெரிந்துகொண்டு திறப்பது நல்லது. உங்களுக்கு முன்னால் திறந்தவர்களின் அனுபவத்திலிருந்து திரட்டிய குறிப்புகள் இவை.

முதலில் இந்தக் கோபத்தின் ஜாதகத்தைப் பார்த்துவிடுவோம். நம் கல்யாண வீடுகளில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பத்திரிகையில் பெயர் விட்டுப்போன பெரியப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர் சண்டை போட மாட்டார். முகூர்த்தத்துக்கு வருவார், அட்சதை போடுவார், பந்தியில் மட்டும் உட்கார மாட்டார். "ஏன் பெரியப்பா, சாப்பிடலையா?" என்று கேட்டால், "இல்லப்பா, வயிறு சரியில்ல" என்பார். வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், வாளியோடு நிற்கிற பரிமாறுபவருக்கும் தெரியும். ஆனால் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்ட மனிதரோடு எந்தச் சட்டத்தைக் காட்டி வாதாடுவது?

சீன வெளியுறவுக் கொள்கையின் வணிகக் கிளை ஏறக்குறைய இந்தப் பெரியப்பாதான். ஒரே ஒரு சிக்கல், உங்கள் கடைச் சரக்கில் பாதியை வாங்குகிறவரும் அவரே.

படி ஒன்று: காரணம் தேடுதல்

பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. ஒன்றுமே செய்யாமலும் காரியத்தைச் சாதிக்கலாம் என்பதற்கு நார்வே சாட்சி. 2010 அக்டோபரில், சிறையில் இருந்த சீன எழுத்தாளர் லியு சியாவ்போவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவித்தது ஐந்து பேர் கொண்ட குழு. அரசுக்கும் அந்தக் குழுவின் முடிவுக்கும் சம்பந்தமில்லை என்று ஆஸ்லோ சொல்லிப் பார்த்தது. குழுவை நியமிப்பது உங்கள் நாடாளுமன்றம்தானே என்று பெய்ஜிங் முகத்தைத் திருப்பிக்கொண்டது. டிசம்பரில் விழா மேடையில் பரிசு வைக்கப்பட்டது ஒரு காலி நாற்காலியில். உறவு அதைவிடக் காலியாக ஆறு வருடம் கிடந்தது.

விருந்தினரைக் கூப்பிட்டும் கோபம் வாங்கலாம். 2016 நவம்பரில் மங்கோலியா தலாய் லாமாவை வரவேற்றது. அடுத்த சில நாட்களில், எல்லையைக் கடக்கிற மங்கோலிய லாரிகளுக்குப் புதிய கட்டணம் முளைத்தது. டிசம்பரிலேயே இனி அவரைக் கூப்பிட மாட்டோம் என்று உலான் பதோர் சொல்லிவிட்டது. தென் கொரியாவுக்குத் தேவைப்பட்டது ஒரு கோல்ஃப் மைதானம். வட கொரிய ஏவுகணைகளைத் தடுக்க அமெரிக்காவின் தாட் அமைப்பை நிறுவ 2016இல் முடிவாயிற்று. அதன் ராடார் சீனாவுக்குள்ளும் எட்டிப் பார்க்கும் என்பது பெய்ஜிங்கின் குறை. ராடாருக்கு இடம் கொடுத்தது லோட்டே குழுமம், சொங்ஜூவில் இருந்த தன் கோல்ஃப் மைதானத்தை. ஆஸ்திரேலியா ஒரு கேள்வி கேட்டது, அவ்வளவுதான்: கோவிட் எங்கிருந்து வந்தது என்று சுதந்திரமான விசாரணை வேண்டும் என 2020 ஏப்ரலில்.

முதல் முயற்சி என்றால் நான் லிதுவேனிய முறையைப் பரிந்துரைப்பேன். செலவு ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. மற்ற ஐரோப்பிய நாடுகளில் தைவானின் அலுவலகங்கள் 'தைபே' என்கிற ஊர்ப் பெயரில்தான் இயங்கும். 2021 நவம்பரில் வில்னியஸில் திறந்த அலுவலகத்தின் பலகையில் 'தைவானிய' என்று எழுத லிதுவேனியா அனுமதித்தது. கல்யாணப் பத்திரிகை விவகாரம்தான், கொஞ்சம் புரட்டிப் போட்டது: இங்கே பெரியப்பாவின் கோபம் பெயர் விட்டுப்போனதற்கு அல்ல, ஒரு பெயரைப் போட்டதற்கு.

படி இரண்டு: அடி விழும் இடம்

இதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் எது தேர்வாகும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். உங்களுக்கு வலிக்க வேண்டும், அவர்களுக்கு வலிக்கக் கூடாது. அழுகும் பொருளாக இருந்தால் இன்னும் விசேஷம்.

நார்வேயின் சால்மன் மீன் அப்படி மாட்டியது. சீனாவின் உறைய வைக்காத சால்மன் சந்தையில் பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் வைத்திருந்த நாடு அது. பரிசு அறிவிப்புக்குப் பிறகு விமான நிலையங்களில் நார்வே மீனுக்கு மட்டும் சோதனைகள் நீண்டன. ஐஸில் வைத்த மீனுக்கு சர்வதேச அரசியல் புரியாது. நாள் கணக்குத்தான் புரியும். சில வருடங்களில் அந்தப் பங்கு மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது. பிலிப்பைன்ஸின் வாழைப்பழத்துக்கு 2012இல் இதே கதி. ஸ்கார்பரோ திட்டுக்கு அருகே இரு நாட்டுக் கப்பல்களும் முறைத்துக்கொண்டு நின்றபோது, சீனத் துறைமுகங்களில் பிலிப்பைன்ஸ் வாழைப்பழம் கன்டெய்னரிலேயே கனிந்து, கறுத்து, ஒழுகியது. பழத்தில் பூச்சியாம். அந்தத் திட்டு இன்றுவரை சீனாவின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பூச்சி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

ஆஸ்திரேலியாவுக்கு விரிவான கவனிப்பு. 2020 மே மாதம் பார்லிக்கு 80.5 சதவீத வரி. அதே மாதம் மாட்டிறைச்சி, பிறகு மரம், உயிருள்ள லாப்ஸ்டர். ஒயின் அழுகாது என்பதால் அதற்கு வரி 200 சதவீதத்தைத் தாண்டியது. அந்த நவம்பரில் கான்பெராவிலிருந்த சீனத் தூதரகம் 14 குறைகளைப் பட்டியல் போட்டு ஊடகத்தின் கையில் கொடுத்தது. பெரியப்பா வாய்விட்டுக் குறை சொன்ன அபூர்வ சந்தர்ப்பம் அது. ஆவணமாகச் சேமித்து வையுங்கள்.

இந்த நீண்ட பட்டியலில் இரும்புத் தாதைத் தேடிப் பாருங்கள். இருக்காது. சீனா இறக்குமதி செய்யும் இரும்புத் தாதில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவிலிருந்துதான் போகிறது; அதை நிறுத்தினால் எஃகு உலைகள் அணையும். சண்டை உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்தில் இரும்புத் தாது டன் 200 டாலரைத் தாண்டி விற்றது. திராட்சைக்காரர் கொடியைப் பிடுங்குவதா விடுவதா என்று தெரியாமல் நின்ற அதே வருடம், சுரங்க முதலாளிகளுக்குத் தீபாவளி. தென் கொரியாவிலும் இப்படித்தான். லோட்டேவின் கடைகள் பூட்டப்பட்டன, சுற்றுலாக் குழுக்கள் நிறுத்தப்பட்டன, கொரியப் பாடகர்களின் நிகழ்ச்சிகள் ரத்தாயின. கொரிய மெமரி சிப்புகளை ஏற்றிய விமானங்கள் மட்டும் வழக்கம்போல இறங்கின. பந்தியில் சாப்பிடாத பெரியப்பா பட்டினி கிடப்பதில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்.

ஆகவே வாய் திறப்பதற்கு முன் உங்கள் ஏற்றுமதிப் பட்டியலை எடுத்து, எது சால்மன், எது இரும்புத் தாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். முழுக்க சால்மனாக இருந்தால் தொண்டை கட்டியிருப்பதாக அறிவித்துவிடலாம்.

நிலக்கரி விஷயத்தில் மட்டும் கணக்குக் கொஞ்சம் பிசகியது. 2020 அக்டோபர் வாக்கில், எழுத்தில் எதுவும் இல்லாமலே, ஆஸ்திரேலிய நிலக்கரி வேண்டாம் என்று சீன ஆலைகளுக்குச் சொல்லப்பட்டது. ஏற்கெனவே கிளம்பி வந்த கப்பல்கள் சீனக் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்றன. அவற்றில் ஜக் ஆனந்த், அனஸ்தாசியா என்ற இரண்டு கப்பல்களில் 39 இந்திய மாலுமிகள். சரக்கை இறக்கவும் விடவில்லை, ஆட்களை மாற்றவும் விடவில்லை; காரணம் கொரோனா கட்டுப்பாடு. கரையை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே கடலில் கிடந்தவர்கள் 2021இன் தொடக்கத்தில்தான் விடுபட்டார்கள். கான்பெரா என்ன கேட்டது, பெய்ஜிங் ஏன் சிணுங்கியது என்பதில் எந்தப் பங்கும் இல்லாத மனிதர்கள். அதே வருட இலையுதிர் காலத்தில் சீனாவில் நிலக்கரி போதாமல் மின்வெட்டு வந்தது. கிடங்குகளில் முடங்கிக் கிடந்த ஆஸ்திரேலிய நிலக்கரியில் கொஞ்சம் அப்போது சத்தமில்லாமல் உள்ளே போனது.

படி மூன்று, நான்கு (சேர்த்தே படிக்கவும்): காரணக் கடிதத்தைப் புரிந்துகொள்ளுதல்

உங்களுக்கு வரும் கடிதத்தில் அரசியல் வாசனையே இருக்காது. தைவான் அன்னாசிக்கு 2021 மார்ச் முதல் தடை, காரணம் மாவுப்பூச்சி. ஆஸ்திரேலிய மரத்தில் பட்டை வண்டு. லாப்ஸ்டரில் உலோகத் தடயம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமாம். சோதனை முடியும்வரை அது உயிரோடு இருக்க வேண்டியது அதன் பொறுப்பு. சீனாவில் லோட்டேவுக்குச் சுமார் நூறு பெரிய கடைகள். கோல்ஃப் மைதானத்தைக் கொடுத்த சில வாரங்களுக்குள் அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன: தீயணைப்பு ஏற்பாடு சரியில்லை. இத்தனை வருடம் எரியாமல் நின்றதே பெரிய விஷயம்.

லிதுவேனியாவுக்கு இந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. 2021 டிசம்பரில் ஏற்றுமதியாளர்கள் சீனச் சுங்கத்துறையின் கணினியில் படிவம் நிரப்பப் போனால், நாடுகளின் பட்டியலில் லிதுவேனியா என்ற பெயரையே காணோம். தடை இல்லை, ஆணை இல்லை, பூச்சி இல்லை, நாடே இல்லை. பெயர்ப்பலகைக்குப் பெயராலேயே பதில். யோசித்தவர் யாரோ, நல்ல ரசனைக்காரர்.

இந்த மழுப்பலைக் கையாலாகாத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். மொத்த வித்தையும் இதில்தான் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்புக்குப் போனால் எந்த ஆணையை எதிர்த்து வழக்கு என்று கேட்பார்கள். காணாமல் போன பெயரை எப்படி ஆதாரமாக ஒட்டுவது? லிதுவேனியாவுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. 2024 ஜனவரியில் தானே நிறுத்திவைத்தது. அதற்குள் இப்படிப்பட்ட நெருக்கடிகளுக்கென்றே ஒரு புதுச் சட்டமும் போட்டுவிட்டார்கள். இன்னொரு வசதி, எழுத்தில் இல்லாத தண்டனையை விலக்கிக்கொள்ளும்போது மானம் போகாது. வயிறு சரியாகிவிட்டது, அவ்வளவுதான்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். வணிகத்தைக் குச்சியாகப் பிடிப்பது சீனா கண்டுபிடித்த வித்தை அல்ல. கியூபாவை அமெரிக்கா 1962 முதல் முடக்கி வைத்திருக்கிறது. 2025இல் வாஷிங்டனோ வரிப் பட்டியலைப் பலகையில் எழுதி, கேமரா முன்னால் தூக்கிக் காட்டியது. ஆனால் அங்கே கையெழுத்து இருக்கும், தேதி இருக்கும், நீதிமன்றத்தில் சண்டை போட ஒரு காகிதம் இருக்கும். அடி இரண்டு பக்கமும் அடிதான். ஒன்றில் ரசீது கிடைக்கும்.

படி ஐந்து: நண்பர்கள்

உங்களுக்கு நண்பர்கள் நிறைய என்று எனக்குத் தெரியும். அவர்கள் கண்டன அறிக்கை விடுவார்கள், தோளில் தட்டுவார்கள். பிறகு உங்கள் காலி இடத்தில் தங்கள் சரக்கை இறக்குவார்கள். நார்வே மீன் விமான நிலையத்தில் காய்ந்துகொண்டிருந்த 2011 ஜனவரியில், துணைப் பிரதமராக இருந்த லி கச்சியாங் பிரிட்டன் வந்தபோது ஸ்காட்லாந்து சால்மனுக்குச் சீனக் கதவு திறந்தது. கூடவே எடின்பரோ விலங்குக்காட்சி சாலைக்கு இரண்டு பாண்டாக்கள் வருவதும் உறுதியானது. ஆஸ்திரேலிய நிலக்கரி விட்ட இடத்தில் அமெரிக்க, கனடா நிலக்கரி போய் உட்கார்ந்தது. இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளை அவர்கள் மாட்டும்போது நீங்களும் இதையே செய்வீர்கள்.

கைகொடுக்கிற நண்பரும் உண்டு. சீனாவுக்குக் கிளம்பிப் போக்கிடம் இல்லாமல் நின்ற லிதுவேனிய ரம் 20,400 பாட்டிலைத் தைவானின் அரசு மது நிறுவனம் மொத்தமாக வாங்கிக்கொண்டது. குடித்துத் தீர்ப்பது எப்படி, சமையலில் சேர்ப்பது எப்படி என்று தைவான் அரசே மக்களுக்குக் குறிப்பும் கொடுத்தது. நட்பின் ஆழத்தை இத்தனை துல்லியமாக லிட்டரில் அளக்க முடிந்த சந்தர்ப்பம் வெளியுறவு வரலாற்றில் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

கொல்லைப்புறத்தையும் மறக்க வேண்டாம். நார்வேயின் சால்மனை வியட்நாம் திடீரென்று ஏராளமாக வாங்கத் தொடங்கியது. ஆஸ்திரேலிய லாப்ஸ்டருக்கு ஹாங்காங்கில் கிராக்கி கூடியது. வியட்நாம்காரர்களுக்கு அப்படியொரு சால்மன் பசி எங்கிருந்து வந்தது என்று கேட்பது நாகரிகமல்ல.

படி ஆறு: சமாதானம்

மூன்று வழிகள் உண்டு. நார்வே எழுதிக் கொடுத்தது. 2014இல் தலாய் லாமா ஆஸ்லோ வந்தபோது பிரதமர் சந்திக்கவில்லை. 2016 டிசம்பரில் வெளியான கூட்டறிக்கையில், சீனாவின் முக்கிய நலன்களுக்குக் குந்தகம் செய்யும் எதையும் ஆதரிக்க மாட்டோம் என்று ஒரு வாசகம் ஏறியது. அடுத்த ஜூலையில் லியு சியாவ்போ காவலில் இருந்தபடியே புற்றுநோயில் இறந்தார். தென் கொரியா பாதி வழி வந்தது: 2017 அக்டோபரில் ராசியானார்கள், தாட் அமைப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, லோட்டே மட்டும் தன் சூப்பர் மார்க்கெட்டுகளை விற்றுவிட்டு வெளியேறியது. ஆஸ்திரேலியா மன்னிப்பும் கேட்கவில்லை, வாசகமும் எழுதவில்லை. 2022இல் ஆட்சி மாறியது, பேச்சின் தொனி இறங்கியது, 2023 ஆகஸ்டில் பார்லிக்கும் 2024 மார்ச்சில் ஒயினுக்கும் வரி போயிற்று, அந்த வருடக் கடைசியில் லாப்ஸ்டரும் மீண்டது.

இடையில் நடந்த ஒன்றைத்தான் பெய்ஜிங் கணக்கில் எழுதியதா என்று தெரியவில்லை. ஒயினும் பார்லியும் அடிபட்டுக்கொண்டிருந்த 2021 செப்டம்பரில், அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் சேர்ந்து அணுசக்தி நீர்மூழ்கிகள் வாங்க ஆஸ்திரேலியா ஆக்கஸ் உடன்பாடு போட்டுக்கொண்டது. ஒரு கேள்வியைத் திரும்பப் பெறவைக்கப் போய், வாசலில் நீர்மூழ்கி வந்து நிற்கிற ஏற்பாடு.

யார் முயலக் கூடாது

கடன்பட்டவர்கள் இந்தக் கையேட்டை இத்துடன் மூடிவிடலாம். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த இலங்கை, 2021இல் சீனாவிலிருந்து கப்பலில் வந்த இயற்கை உரத்தைச் சோதித்துப் பார்த்தது. தீங்கு செய்யும் பாக்டீரியா இருக்கிறது, இறக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொன்னார்கள். நீதிமன்ற உத்தரவால் இலங்கையின் மக்கள் வங்கி பணத்தை நிறுத்தியது. கொழும்பிலிருந்த சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில், 2022 ஜனவரியில், இறக்காத உரத்துக்கு ஏறக்குறைய 70 லட்சம் டாலர் கட்டினார்கள். சரக்கில் பூச்சி என்று சொல்கிற சௌகரியம் எல்லா வாங்குபவருக்கும் கிடையாது. வயிறு சரியில்லை என்று சொல்லவும் ஒரு வசதி வேண்டும்.

படி ஏழு: பெரிய நாடுகளுக்கு மட்டும்

இதுவரை பார்த்தது பெரியப்பா சாப்பிட மறுக்கும் கதை. அவர் பரிமாற மறுத்தால் கதை வேறு. 2010 செப்டம்பரில் சென்காகு தீவுகளுக்கு அருகே ஜப்பானியக் கடலோரக் காவல் படகுகள்மீது மோதிய சீன மீன்பிடிப் படகின் கேப்டனை ஜப்பான் பிடித்து வைத்தது. அரிய மண் தனிமங்கள் ஏறிய சரக்குகள் சீனத் துறைமுகங்களில் நின்றுபோயின. தடை எதுவும் இல்லை என்று பெய்ஜிங் சாதித்தது. ஜப்பான் பாடம் கற்றது. ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்தில் பணம் போட்டு, மலேசியாவின் குவாந்தனில் சுத்திகரிப்பதற்கு வழி செய்தது. மற்றவர்கள் கைதட்டிவிட்டு, விலை மலிவான சரக்கையே வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பதினைந்து வருடம் போயிற்று. அமெரிக்க வரிகளுக்குப் பதிலடியாக 2025 ஏப்ரல் 4 அன்று ஏழு தனிமங்களுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது சீனா. உலகின் அரிய மண் தனிமச் சுத்திகரிப்பில் பத்துக்கு ஒன்பது பங்கு அதன் கையில். சிகாகோவில் ஃபோர்டு ஆலை ஒரு வாரம் நின்றது. ஜப்பானில் சுசுகி ஸ்விஃப்ட் உற்பத்தியை நிறுத்தியது. அக்டோபரில் கட்டுப்பாட்டை இன்னும் விரித்தார்கள். அந்த மாதக் கடைசியில் பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் கைகுலுக்கியதும் புதிய விரிவை ஒரு வருடத்துக்குத் தள்ளிவைத்தார்கள். சால்மனை மறுத்தால் ஒரு மீனவர் குடும்பம் அழும். காந்தத்தை மறுத்தால் வாஷிங்டனே பேச வந்து உட்காரும். இந்த முறை பூச்சி, வண்டு, தீயணைப்பு எதுவும் இல்லை. எழுதப்பட்ட விதி, தேசப் பாதுகாப்பு என்ற காரணம், உரிமப் படிவம். நாற்பது வருடம் பொறுமையாக, மற்றவர்கள் அழுக்கு என்று ஒதுக்கிய தொழிலைக் கட்டி எழுப்பியவர்களுக்குச் சாக்கு தேவைப்படவில்லை.

இந்தியாவையும் அது தொட்டது. மின் ஸ்கூட்டரின் மோட்டாருக்குள் இருக்கும் கையளவு காந்தத்துக்காக நிறுவனங்கள் வரிசையில் நின்றன. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் அரிய மண் தனிமங்கள் இருக்கின்றன, அங்கே மத்திய அரசின் ஆலையும் இருக்கிறது. மணலைக் காந்தமாக்கும் தொழில் மட்டும் இங்கே வளரவில்லை. 2025 நவம்பரில் காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மணல் அள்ள வேண்டுமா என்ற கேள்வியோடு மீனவக் கிராமங்கள் நிற்கின்றன. அது தனிக் கையேடு.

திட்டம் ஆலையாகி, ஆலை காந்தமாகும்வரை செய்ய வேண்டியது இது. படிவத்தை வாங்குங்கள். இந்தக் காந்தம் எந்த ஆயுதத்துக்கும் போகாது என்று எழுதி, முத்திரை வாங்கி, சீன விற்பனையாளர் மூலம் பெய்ஜிங்குக்கு அனுப்புங்கள். பிறகு காத்திருங்கள். வாரங்கள் ஆகலாம். நடுவில் யாரும் தொலைபேசியில் கூப்பிட்டு ஏன் தாமதம் என்று கேட்க வேண்டாம். கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்: பெரியப்பாவுக்குக் கோபமெல்லாம் ஒன்றுமில்லை. வயிறுதான் கொஞ்சம் சரியில்லையாம்.